ஓர் ஒட்டகச் சுமை ஏடுகள்: ஹதீஸ் சொல்லித்தந்த பெண்கள்

மதீனா நகரம், கி.பி. 700ஐ ஒட்டிய ஆண்டுகள். இரும்பு மோதிரங்களைத் திருடியதாக ஓர் ஆள் பிடிபடுகிறான். ஊரில் நீதி விசாரிக்கும் அதிகாரம் அபூபக்ர் இப்னு ஹஸ்ம் என்பவர் கையில். திருட்டுக்குத் தண்டனை கையை வெட்டுவது. அதற்காக ஆளைச் சிறையில் போட்டாயிற்று. விஷயம் அபூபக்ருக்குத் தாயின் சகோதரி முறையாகும் அம்ராவின் காதுக்கு எட்டுகிறது. அம்ரா கிளம்பிப் போகவில்லை. தன்னிடம் இருந்த உமைய்யா என்ற பெண்ணை அனுப்புகிறார். நாலு பேர் நடுவே உட்கார்ந்திருந்த அபூபக்ரிடம் அந்தப் பெண் வந்து சொல்கிறாள்: "உங்கள் காலா கேட்கிறார். சகோதரி மகனே, ஏதோ அற்பப் பொருளுக்காக ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறாயாமே, கையை வெட்டப் போகிறாயா?" அவர் ஆமாம் என்கிறார். "கால் தீனாரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கை வெட்டு என்று அம்ரா சொல்லச் சொன்னார்."

ஆளை விட்டுவிட்டேன் என்று அபூபக்ரே பின்னாளில் சொன்னது, இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

காலா சொன்னார் என்பதற்காக மட்டும் ஒரு நீதிபதி தீர்ப்பை மாற்றிவிட மாட்டார். அம்ரா சிறு வயதில் நபிகள் நாயகத்தின் (ஸல்) துணைவி அன்னை ஆயிஷாவிடம் வளர்ந்தவர். அந்தக் கால் தீனார் கணக்கை அவர் ஆயிஷாவிடம் கேட்டார், ஆயிஷா நபிகளாரிடம் கேட்டார். நபிகளாருக்கும் அந்த நீதிபதிக்கும் நடுவே இரண்டே பேர், இரண்டு பேரும் பெண்கள்.

இந்தக் கட்டுரைக்கு அடிப்படையான சங்கதியே இதுதான். "யார் சொன்னது?" என்ற கேள்வி. ஊரில் யாராவது ஒரு வைத்தியம் சொன்னால் "யார் சொன்னா?" என்று கேட்கிறோம், "எங்க பாட்டி சொன்னா" என்று பதில் வரும். பாட்டிக்கு யார் சொன்னார் என்று அதற்கு மேல் நாம் போவதில்லை. ஹதீஸ் கலை அங்கே நிற்காமல் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. நபிகளாரின் சொல், செயல், அவர் கண்டும் தடுக்காமல் விட்டவை ஆகியவற்றைப் பற்றிய செய்திதான் ஹதீஸ். ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று செய்தி. மற்றொன்று, அதை யார் யாரிடம் கேட்டார் என்கிற பெயர் வரிசை. அந்த வரிசைக்குப் பெயர் ஸனது. தமிழில் அறிவிப்பாளர் தொடர் என்பார்கள். நம் பக்கத்து அரபிக் கல்லூரிகளில் ஓதி முடித்தவர்களுக்கு "ஸனது வழங்கும் விழா" நடத்துகிறார்களே, அந்த ஸனதும் இதே சொல்தான். கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தத் தாள், "இவர் இன்னாரிடம் கேட்டுப் படித்தவர்" என்பதற்கான அத்தாட்சி.

சரி, இந்த வரிசைக்குள் பெண்கள் எப்படி வந்தார்கள்?

சட்டத்திலேயே அதற்கு வழி இருந்தது. கடன் ஒப்பந்தம் போன்ற விவகாரங்களில் சாட்சி சொல்ல இரண்டு ஆண்கள், இல்லாவிட்டால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டத்தில் பலருக்கும் தெரிந்த விதி. ஹதீஸ் அறிவிப்புக்கு இந்த விதி பொருந்தாது என்று அறிஞர்கள் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். சாட்சியம் வேறு, அறிவிப்பு வேறு. அறிவிப்பவர் நம்பகமானவரா, நினைவாற்றல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பெண்ணா ஆணா, அடிமையா சுதந்திரமானவரா, பார்வை உண்டா இல்லையா என்பதெல்லாம் குறுக்கே வரவில்லை. தனி ஒரு பெண் சொன்ன ஹதீஸை வைத்துச் சட்டம் வகுக்கலாம். மோதிரத் திருடனின் கை தப்பியது இப்படித்தான்.

தொடக்கத்தில் இதன் மிகப் பெரிய உதாரணம் ஆயிஷாதான். மரபான கணக்கில் அவர் வழியாக வந்த ஹதீஸ்கள் 2210. எண்ணிக்கையைவிட எனக்கு ருசியாகப் படுவது, அவர் மற்றவர்களைத் திருத்திய இடங்கள். தொழுகிறவருக்கு முன்னால் நாயோ கழுதையோ பெண்ணோ குறுக்கே போனால் தொழுகை முறிந்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுகிறது. "எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே" என்கிறார். நபிகளார் தொழும்போது தானே அவருக்கு முன்னால் கட்டிலில் குறுக்கே படுத்திருந்ததைச் சொல்கிறார். புகாரி என்ற அறிஞரின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கும் செய்தி இது. தோழர்களை ஆயிஷா இப்படித் திருத்திய சம்பவங்களை மட்டும் திரட்டி, 14ஆம் நூற்றாண்டில் ஸர்கஷீ என்ற எகிப்திய அறிஞர் தனி நூலே எழுதினார். அவ்வளவு சேர்ந்திருந்தது.

ஆயிஷாவின் மாணவி அம்ராவை "வற்றாத கடல்" என்றார் ஸுஹ்ரீ. அந்தக் காலத்து ஹதீஸ் உலகில் பெரிய ஆள் அவர். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், அறிவு அழிந்துபோய்விடுமோ என்று பயந்து ஹதீஸ்களை எழுதிவைக்கச் சொல்லி மதீனாவுக்குக் கடிதம் போட்டபோது, அம்ராவின் ஹதீஸ்களைப் பெயர் குறிப்பிட்டே கேட்டார். கடிதம் போனது யாருக்கு? முதலில் பார்த்தோமே, அதே அபூபக்ருக்கு.

திமிஷ்கில், அதாவது டமாஸ்கஸில், உம்முத் தர்தா என்ற பெண் அறிஞர் இருந்தார். கலீஃபா அப்துல் மலிக் அவருடைய பாடத்தில் வந்து உட்காருவார். தொழுகை இருப்பில் உம்முத் தர்தா ஆண்களைப் போலவே அமர்வார் என்று புகாரி ஒரு வரி எழுதிவிட்டு, "அவர் ஃபிக்ஹ் அறிந்தவர்" என்று சேர்த்திருக்கிறார். ஃபிக்ஹ் என்றால் சட்ட ஞானம். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே!

இதற்குப் பிறகு ஒரு பள்ளம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலிருந்து நான்காம் நூற்றாண்டு வரை, அதாவது கி.பி. 8 முதல் 10 வரை, தொடர்களில் பெண் பெயர்கள் வெகுவாகக் குறைந்துபோகின்றன. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஹதீஸ் தேடுவது இப்போது ஒரு தொழில்முறைப் படிப்பாகிவிட்டது. குராஸானிலிருந்து எகிப்து வரை ஊர் ஊராக அலைய வேண்டும், வருடக்கணக்கில் வெளியூரில் தங்க வேண்டும், அந்நிய ஆண்களோடு உட்கார்ந்து விவாதம் பண்ண வேண்டும். மஹ்ரம், அதாவது மணக்கக் கூடாத நெருங்கிய ஆண் உறவினர், துணையில்லாமல் பயணம் போக முடியாத பெண்ணுக்கு இந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டது.

பிறகு அது திறந்த விதம்தான் இந்தக் கதையில் வேடிக்கையான பகுதி. யாரும் சீர்திருத்தம் பேசித் திறக்கவில்லை. ஹதீஸ் கலையின் உள்கணக்கு மாறியது, கதவு தானாகத் திறந்துகொண்டது.

புகாரி (இறப்பு 870), முஸ்லிம் போன்றோரின் தொகுப்புகள் நிலைபெற்ற பிறகு, புதிதாக ஹதீஸ் தேட வேண்டிய அவசியம் குறைந்தது. நூல் கையில் இருக்கிறது. அந்த நூலைப் பிழையில்லாமல், அறுபடாத ஸனதோடு அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதுதான் இனி வேலை. அலைச்சல் தேவையில்லை, நல்ல பிரதியும் நல்ல ஆசிரியரும் போதும்.

மக்காவில் கரீமா என்ற பெண்மணியிடம் அந்த நல்ல பிரதி இருந்தது. மர்வ் பகுதியைச் சேர்ந்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை, ஏறத்தாழ 1070இல் காலமானார். புகாரியின் நூலை அவர் குஷ்மீஹனீயிடம் கேட்டார், குஷ்மீஹனீ ஃபிரப்ரீயிடம், ஃபிரப்ரீ புகாரியிடமே. நர்ஸீ என்ற மாணவர் அவரிடம் வந்தது பற்றி ஒரு குறிப்பு உண்டு. கரீமா பிரதியை எடுத்துக்கொடுக்கிறார். மாணவர் எதிரே உட்கார்ந்து ஏழு தாள் படியெடுத்துவிட்டு, நானே தனியாகச் சரிபார்த்துக்கொள்கிறேனே என்கிறார். "முடியாது. என்னோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்" என்கிறார் கரீமா. உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். பாக்தாதின் பெரிய வரலாற்றாசிரியர் கதீப் ஹஜ்ஜுக்கு வந்தபோது, ஐந்தே நாளில் மொத்த நூலையும் கரீமாவிடம் ஓதி முடித்தார். புகாரி நூலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஐந்து நாளின் அருமை தெரியும். காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் நடக்கும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் ஒரு மாத நிகழ்ச்சி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது மாற்றத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால், பெண் பெயர்கள் ஏன் திடீரென்று ஆயிரக்கணக்கில் கொட்டுகின்றன என்பது விளங்கிவிடும்.

ஸனதில் ஆட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு உசத்தி. நடுவில் பத்துப் பேர் இருப்பதைவிட ஆறு பேர் இருந்தால் தவறு நேரும் இடங்கள் குறைவு, நபிகளாருக்கு நெருக்கமும் அதிகம். இதை "உயர்ந்த ஸனது" என்பார்கள். தொடரைக் குறைக்க ஒரு தந்திரம் உண்டு: வயதான ஆசிரியரிடம் குழந்தையைக் கொண்டுபோய் உட்காரவைப்பது. தொண்ணூறு வயதுக்காரர் ஓத, நாலு வயதுப் பிள்ளை கேட்கிறது. அந்தப் பிள்ளையும் தொண்ணூறு வயது வாழ்ந்தால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டை ஒரே கண்ணி தாண்டிவிடுகிறது. இதற்கு ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன, பெண் பிள்ளையாக இருந்தால் என்ன? அறிஞர் வீட்டுப் பெண் குழந்தைகளைத் தகப்பனும் தாத்தாவும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

யார் யார் கேட்டார்கள் என்பதற்குப் பதிவேடும் இருந்தது. கையெழுத்துப் பிரதியின் கடைசித் தாளில் ஒரு வருகைப் பட்டியல் எழுதுவார்கள். ஆசிரியர் பெயர், ஓதியவர் பெயர், தேதி, இடம், வந்தவர்கள் பெயர், குழந்தைகளானால் வயது. ஐந்து வயதானவர் "கேட்டார்". அதற்கும் கீழே என்றால் "வந்திருந்தார்". தூங்கி வழிந்தவர்களைக்கூடச் சில பட்டியல்கள் குறித்துவைத்திருக்கின்றன. நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இந்த வசதி இல்லை.

இந்தப் பட்டியலின் மவுசுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். திமிஷ்கின் ஸாலிஹிய்யா பகுதியில் ஹஜ்ஜார் என்று ஒருவர். ஹஜ்ஜார் என்றால் கல் தச்சர், தொழிலும் அதுதான். 1306 வாக்கில் யாரோ பழைய பட்டியல் ஒன்றைப் புரட்டும்போது, 1230களில் ஸபீதீ என்ற ஆசிரியரிடம் புகாரி கேட்டவர்கள் வரிசையில் இவர் பெயர் அகப்பட்டது. ஸபீதீ இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அவ்வளவுதான், கல் தச்சர் வீட்டுக்கு அறிஞர்கள் படையெடுத்தார்கள். சாகும் வரை 60, 70 தடவை அவரை உட்காரவைத்துப் புகாரியைக் கேட்டார்கள்.

நேரில் கேட்பதோடு இன்னொரு வழியும் இருந்தது. அதற்குப் பெயர் இஜாஸா, அனுமதி. தொலைவில் இருக்கும் ஆசிரியருக்கு எழுதிப்போட்டு, "என் நூல்களை அறிவிக்க இன்னாருக்கு அனுமதி தருகிறேன்" என்று கையெழுத்து வாங்கிவிடலாம். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட வாங்கினார்கள்.

திமிஷ்கின் ஸைனப் பின்த் கமால் அப்படிப்பட்ட குழந்தை. பிறந்தது 1248. பாக்தாதில் அஜீபா என்ற முதிய பெண் அறிஞர் ஸைனபின் பெயருக்கு இஜாஸா கொடுத்தார். அஜீபா 1249இல் இறந்துவிட்டார். ஸைனபுக்கு அப்போது நடக்கத் தெரிந்திருந்தால் அதிகம். ஆனால் ஸைனப் 1339 வரை வாழ்ந்தார். தொண்ணூறாவது வயதில், அஜீபாவிடமிருந்து அறிவிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் உலகத்திலேயே அவர்தான். சிறுவயதில் கண்ணில் நோய் வந்தவர், மணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்கள் நாளின் பெரும்பகுதி அவர் முன்னால் உட்கார்ந்து ஓதுவார்கள், சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். 1326இல் திமிஷ்குக்கு வந்த மொரோக்கோ இளைஞர் ஒருவர் அவரிடம் இஜாஸா வாங்கிக்கொண்டு போனார். அவர் பெயர் இப்னு பதூதா. ஸைனபிடம் மட்டுமே அனுமதி இருந்த ஏடுகள் ஓர் ஒட்டகச் சுமை தேறும் என்று பின்னால் வந்த கெய்ரோ அறிஞர் இப்னு ஹஜர் எழுதுகிறார். ஸைனப் இறந்ததும் மக்கள் ஒரு படி கீழே இறங்கினார்கள் என்கிறார். உருவகமாகச் சொன்னதில்லை இது, சுத்தமான கணக்கு. ஸைனப் போனதும் எல்லோருடைய ஸனதிலும் ஒரு பெயர் கூடிவிட்டது.

பாக்தாதின் ஷுஹ்தாவையும் விடக் கூடாது. 1178இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் இறந்தவர். குடும்பப் பெயர் "இபரீ", அதாவது ஊசிக்காரர். ஷுஹ்தாவுக்கோ எழுதுகோல்தான் கைவந்தது. எழுத்தழகுக்காகவே "காத்திபா" என்று பெயர் வாங்கினார். பெரிய அறிஞர்களான இப்னுல் ஜவ்ஸீ, இப்னு குதாமா இருவருமே அவரிடம் கேட்டவர்கள்.

அறிவிப்பு மட்டும்தானா, சட்டத்தில் யாரும் இல்லையா என்று கேட்கலாம். குறைவு, ஆனால் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஸமர்கந்தின் ஃபாத்திமா. அப்பா, இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபியின் அறிஞர், "துஹ்ஃபா" என்ற நூலின் ஆசிரியர். அந்த நூலைத் தந்தையிடமே படித்து மனப்பாடமாக வைத்திருந்தார் ஃபாத்திமா. காஸானீ என்ற மாணவர் துஹ்ஃபாவுக்குப் பெரிய விரிவுரை எழுதிக் கொண்டுவர, அதையே மஹராக, அதாவது மணமகன் தரும் மணக்கொடையாக, ஏற்று மகளைக் கட்டிவைத்தார் அப்பா. "அவர் நூலுக்கு உரை எழுதினான், அவர் மகளை மணந்தான்" என்று ஊரே பேசியது. கணவர் ஃபத்வாவில், அதாவது மார்க்கச் சட்டத் தீர்ப்பில், தடுமாறினால் மனைவி திருத்துவார். ஸமர்கந்தில் அந்த வீட்டிலிருந்து போன ஃபத்வாக்களில் அப்பா, மகள், மருமகன் மூவரின் கையெழுத்தும் இருக்கும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தத் தலைப்பில் வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு பெயர்களைத்தான் தூக்கிப்பிடிக்கும். ஒருவர், 859இல் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரீ. அந்தக் கதை நமக்குக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில். நாலரை நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் வரலாற்றாசிரியர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். இன்னொருவர், "ஆஸ்ட்ரோலேப் கருவியைக் கண்டுபிடித்த மரியம்". பத்தாம் நூற்றாண்டு நூற்பட்டியல் ஒன்றில் இருப்பது, அலெப்போவின் ஆட்சியாளர் ஸைஃபுத் தவ்லாவிடம் பணிபுரிந்த கருவிக் கைவினைஞர், இஜ்லீ என்பவரின் மகள் என்ற ஒற்றை வரிதான். மரியம் என்ற பெயரே அதில் கிடையாது. அந்த வானியல் கருவியும் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. ஸனது பார்க்கக் கற்றுக்கொடுத்த பெண்களைப் பற்றிப் பேசும்போது ஸனதில்லாத செய்தியை ஃபார்வர்ட் பண்ணுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆதாரம் உறுதியாக உள்ள பெயர்களே கொட்டிக்கிடக்கும்போது இது தேவையுமில்லை.

எவ்வளவு கொட்டிக்கிடக்கின்றன? 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் ஸகாவீ தன் காலத்து மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பன்னிரண்டு பாகமாக எழுதினார். கடைசிப் பாகம் முழுக்கப் பெண்களுக்கு, ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் எல்லோரும் அறிஞர்கள் இல்லை என்றாலும், இஜாஸா உள்ளவர்கள் நிறைய. நம் காலத்தில், உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூரில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த முஹம்மத் அக்ரம் நத்வீ, ஏதோ 20, 30 பேர் தேறுவார்கள் என்று நினைத்துத் தேட ஆரம்பித்தார். சுமார் 10,000 பெண்கள், 43 பாகங்கள் என்று அரபியில் வந்து முடிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் அறிஞர் குடும்பத்துப் பெண்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தகப்பன் வேண்டும், அந்தத் தகப்பனுக்கு ஹதீஸ் அருமை தெரிந்திருக்க வேண்டும். மத்ரஸாக்களில் சம்பளம் வரும் ஆசிரியர் பதவிகள் ஆண்களுக்கே போயின. பெண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் சொல்லித்தந்தார்கள். நாலு வயதில் கேட்டதற்காகக் கொண்டாடப்படுவதும், நாற்பது வருடம் படித்ததற்காகக் கொண்டாடப்படுவதும் ஒன்றில்லை. ஹதீஸில் பொய் சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணையும் தான் அறியவில்லை என்று 14ஆம் நூற்றாண்டு ஹதீஸ் அறிஞர் தஹபீ எழுதியதைப் பலரும் பெருமையாக மேற்கோள் காட்டுவார்கள். அந்த வரி வரும் அத்தியாயத்தின் தலைப்பு "அறியப்படாத பெண்கள்". பெயருக்கு மேல் எதுவும் தெரியாதவர்கள் அதில் வரிசையாக வருகிறார்கள். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த அலை மெல்ல அடங்கியது. அதன் உச்சிக்கு ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் ஸாலிஹிய்யாவின் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதியைத்தான் சொல்வேன். 1323இல் பிறந்தவர். நாலு வயதில் அவரைக் கல் தச்சர் ஹஜ்ஜாரிடம் கூட்டிப்போனார்கள். புகாரியைக் கேட்டார். 1413 வரை வாழ்ந்தார். ஹஜ்ஜார், அவருக்கு முன்னால் ஸபீதீ, அபுல் வக்த், தாவூதீ, ஸரக்ஸீ, ஃபிரப்ரீ. புகாரிக்கும் இந்தப் பெண்மணிக்கும் நடுவே 540 ஆண்டுகளுக்கு மேல், ஆனால் ஆறே பேர். புகாரிக்கு இன்றுவரை எல்லோரும் புரட்டும் உரையை எழுதிய கெய்ரோவின் இப்னு ஹஜர், திமிஷ்குக்கு வந்து அவர் முன்னால் மாணவராக உட்கார்ந்தார்.

அந்தக் காலத்து ஆட்கள் ஒரு ஒற்றுமையைக் குறித்துவைத்திருக்கிறார்கள். ஸபீதீயிடம் நேரில் கேட்ட பெண்களில் கடைசியானவர் ஸித்துல் வுஸரா, ஹிஜ்ரி 716இல் இறந்தார். ஸபீதீயின் மாணவர் ஹஜ்ஜாரிடம் நேரில் கேட்டவர்களில் கடைசியானவர் ஆயிஷா, ஹிஜ்ரி 816இல் இறந்தார். சரியாக நூறு ஆண்டு. அன்றைக்கு திமிஷ்கிலும் கெய்ரோவிலும் புகாரி ஓதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மறுபடி ஒரு படி இறங்கினார்கள்.